அட்டை யார் கையில்?

சந்தவாசலிலும் ஆரணியிலும் பட்டு நெய்யும் தோழர்களுக்கு ஜக்கார்டு அட்டையைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த அந்த முறைதான் பின்னாளில் கணினிக்குக் கட்டளை எழுதவும் வழிகாட்டிற்று. ஆகவே மென்பொருள் என்பது மேட்டுக்குடியின் மந்திரமல்ல. நெசவாளிக்குப் பழகிய தந்திரமே!

அட்டை கிழிந்தால் என்ன செய்கிறீர்கள்? புதிய அட்டையில் துளையிட்டு மாட்டுகிறீர்கள். தறியையே தூக்கி எறிவதுண்டா? ஆனால், மேசைக் கணினி வைத்திருப்போர் நிலை என்ன? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், பழைய கணினிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. கூகுளின் குரோம் உலாவி 2023-லேயே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. பொறி பழுதாகவில்லை, திரை மங்கவில்லை, ஆயினும் 'காலாவதி' என்கிறார்கள். காரணம், அட்டை அவர்கள் கையில்!

"இருப்பதை வைத்தே ஓட்டுவோம்" என்பாரும் உண்டு. ஓடும், ஆனால் ஆபத்து! 2017 மார்ச்சில் விண்டோஸின் ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தம் வெளிவந்தது. அதைப் போடாமல் விட்ட கணினிகளை மே மாதத்தில் 'வானாக்ரை' தாக்கிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. திருப்பதி தேவஸ்தானக் கணினிகள் சிலவும் தப்பவில்லை. அறுந்த இழையை அப்போதே முடியாவிட்டால் சேலை என்னவாகும் என்பதை நெசவாளி அறிவார்.

வழி இல்லையா? உண்டு. 1991-இல் தோன்றிய லினக்ஸ் இருக்கிறது. பழைய கணினியிலும் ஓடும் வகைகள் அதிலே உண்டு. இலாபநோக்கற்ற மொசில்லா அறக்கட்டளை வளர்த்துவரும் பயர்பாக்ஸ் உலாவி தமிழிலேயே கிடைக்கிறது. விலையில்லை என்பது மட்டுமல்ல சிறப்பு. உள்ளிருக்கும் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அட்டை மக்கள் கையில்! அண்டை மாநிலமாம் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் லினக்ஸ் கொண்டுதான் கணினி கற்பிக்கின்றன.

எதை எடுத்தாலும், ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். தேடும்போது முதலில் வந்து பல்லிளிக்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்தாதீர்கள்.

நாம் கேட்பது இரண்டு. பொதுப்பணத்தில் வாங்கிய கணினியைக் குப்பையில் போடுமுன், திறந்த மென்பொருளில் அது ஓடுமா என்று அரசு அலுவலகங்கள் பார்க்கட்டும். படிப்பகம்தோறும் கழகத் தோழர்கள் ஒரு கணினி வைத்து, இந்த வித்தையை ஊராருக்குக் கற்பிக்கட்டும்.

1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றது கழகம். அன்று நெசவாளியின் துணியைச் சுமந்தோம். இன்று அவன் வீட்டுப் பிள்ளைக்கு அட்டையின் சூட்சுமத்தைச் சொல்லித் தருவோம்!