சுருதி சேராத முதற்கருவி

பெருநிறுவனங்களின் வரலாற்றை இலக்கிய வாசகர்களாகிய நாம் பொதுவாகச் சீந்துவதில்லை. இலாபக் கணக்கில் நமக்கென்ன வேலை என்னும் அலட்சியம் எனக்கும் உண்டு. ஆயினும் யமஹாவின் வரலாறு அந்த அலட்சியத்தைச் சற்றே அசைத்தது.

1887ஆம் ஆண்டு, ஜப்பானின் ஹமமட்சு நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில், வெளிநாட்டிலிருந்து தருவித்த ரீட் ஆர்கன் பழுதாயிற்று. நம் ஆர்மோனியத்துக்கு உறவான கருவி அது. மருத்துவக் கருவிகளைச் செப்பனிட்டு வந்த டொரகுசு யமஹா அதைச் சரிசெய்தார். பின்னர் தாமே ஒன்றைச் செய்து, கவாய் கிசாபுரோ என்னும் தோழருடன் அதைத் தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து தோக்கியோவுக்குக் கொண்டு சென்றார். அங்கே இசைக்கல்வி நிலையத்தார் சொன்ன தீர்ப்பு: சுருதி சேரவில்லை.

நிறுவனப் புராணங்கள் மலையேற்றத்தையே கொண்டாடுகின்றன. என் பார்வையில் பெரிய செயல் அதற்குப் பின் நிகழ்ந்தது. கருவி செய்யத் தெரிந்த கைக்குக் கேட்கத் தெரிந்த காது இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அங்கேயே தங்கிச் சுருதியின் இலக்கணத்தைக் கற்றார். அதன்பின் மீண்டும் செய்தார். 1897இல் 'நிப்பான் கக்கி' என்னும் நிறுவனம் உருவாயிற்று. 1900இல் நிமிர்நிலைப் பியானோவும் 1902இல் கிராண்ட் பியானோவும் வெளிவந்தன. நிறுவனத்தின் சின்னத்தில் இன்றும் மூன்று சுருதிக் கவைகள் இருக்கின்றன. இந்தச் சின்னத்துக்கு அதைவிடப் பொருத்தமான மூலக்கதை கிடைக்காது.

ஆனால் காது ஒருமுறை திறந்தால் என்றென்றைக்கும் திறந்தே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. டொரகுசு 1916இல் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1926இல், அதே தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 105 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மரத்தின் மெல்லிய அதிர்வுகளைக் கேட்கப் பழகிய நிறுவனம், அம்மரத்தை இழைத்தவர்களின் குரலைக் கேட்கத் தவறியது. மறு ஆண்டே தலைமை மாறியது. அங்கே பணிபுரிந்த கொய்ச்சி கவாய் 1927இல் வெளியேறி அதே ஊரில் தனி நிறுவனம் தொடங்கினார். இன்று கவாய் பியானோக்கள் யமஹாவின் நேர்ப் போட்டியாளர்கள். கேளாமைக்கும் ஒரு விலை உண்டல்லவா?

போர்க்காலத்தில் அந்தப் பட்டறைகள் விமானச் சுழலிகளைச் செய்தன. போருக்குப் பின் அந்த இயந்திரங்களும் உலோக வேலைத் திறனும் 1955இல் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட்டன. இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 1954இல் தொடங்கிய இசை வகுப்புகள். கருவியை விற்குமுன் வாசிப்பவரை உருவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அது. வணிகத் தந்திரம் என்று ஒதுக்கலாம்; ஒதுக்க என்னால் இயலவில்லை. வாசகரை உருவாக்காமல் புத்தகம் அச்சிட்டுப் புலம்பும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

கேட்கும் குணம் மீண்டும் ஒருமுறை பலன் தந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த ஒலியாக்க முறையை அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் பொருட்படுத்தவில்லை. யமஹா அதன் உரிமத்தைப் பெற்றுப் பல்லாண்டு பொறுமை காத்தது. 1983இல் வந்த டிஎக்ஸ்7 அந்தப் பத்தாண்டின் திரையிசைக்கும் மேடையிசைக்கும் புதிய குரல் கொடுத்தது. 1828இல் வியன்னாவில் தோன்றிய போசன்டார்ஃபர் பியானோ நிறுவனத்தை 2008இல் யமஹா வாங்கியபோது, மாணவன் ஆசிரியரின் வீட்டையே வாங்கியது போலிருந்தது.

2019இல் சென்னைக்கு அருகே அதன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நம் மண்ணில் கீபோர்டுகள் உருவாவது மகிழ்ச்சியே. ஒரு தயக்கமும் கூடவே எழுகிறது. கீபோர்டின் கட்டை ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் நிலைத்து நிற்பது. நம் இசையோ சுரங்களுக்கு இடையே வாழ்வது. குழந்தையின் முதற்கருவி கீபோர்டாகவே அமையும் வீடுகளில் கமகத்தைக் கேட்கும் காது எங்கிருந்து வளரும்? குறை கருவியின் மீதல்ல. அதன் எல்லையைக் குழந்தைக்குச் சொல்லாத நம்மீதே.

அந்த முதல் ஆர்கனிடம் சுருதி சேரவில்லை என்று சொல்ல ஒருவர் இருந்தார். கேட்கவும் ஒருவர் இருந்தார். வளர்ச்சி என்பது அந்த இருவரும் சந்திப்பதுதான் என்று நினைக்கிறேன்.