புல் யாருடையது?

முழங்கால் உயரம் வளர்ந்த லாலாங் புல்லை வெட்டச் சொல்லி நகராண்மைக் கழகத்தார் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். பாம்பும் எலியும் அடையும் காட்டுக்காக வாதாட நாம் வரவில்லை. டிங்கிக் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் தகர டப்பாவிலும் பழைய டயரிலும் தேங்கும் தண்ணீரில் இடுகிறது. புல்லை வெட்டினால்தான் டப்பா கண்ணில் படும். ஆகவே, வெட்டத்தான் வேண்டும். யார் வெட்டுவது, யார் செலவில் வெட்டுவது என்பதே நம் கேள்வி!

1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தொல்லைக்குக் காரணமானவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் அகப்படாவிட்டால், அவ்விடத்தின் உரிமையாளருக்கு அல்லது குடியிருப்பவருக்குக் கொடுக்கலாம். அந்த 'அல்லது' இருக்கிறதே, அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உரிமையாளர் யார்? பட்டணத்து மாடியில் தொங்கும் ஒரு கம்பெனிப் பலகை. குடியிருப்பவர் யார்? லயத்து வாசலில் வெற்றிலை இடிக்கும் கிழவி. எவரைக் கண்டுபிடிப்பது சுலபம்?

தோட்டத்தை விற்றார்கள். ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள். வீடமைப்புக்கு விலை ஏறட்டும் என்று நிலத்தைச் சும்மா போட்டு வைத்தார்கள். அதில் லாலாங் முளைக்காமல் மல்லிகையா முளைக்கும்? அந்தப் புல் லயத்தின் பின்கட்டு வரை வந்து நிற்கிறது. உடனே, லயத்தார் சுத்தம் அறியாதவர்கள் என்று பழி!

யாரைப் பார்த்து ஐயா சுத்தம் பேசுகிறீர்கள்? வெளிக்காட்டு வேலைக்குப் போய் லாலாங்கை வேரோடு தோண்டியவர்கள் நம் தாய்மார்கள். பின்னாளில் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து பராகுவாட் அடித்தவர்களும் அவர்களே. அந்த நஞ்சுக்கு 2002-இல் தடை என்றார்கள். 2006-இல் தடையை விலக்கினார்கள். முழுத்தடை வர 2020 ஆயிற்று. பிறர் நிலத்துக் களையை எடுத்தே நகம் தேய்ந்தவர்களுக்குக் களை பற்றிப் பாடமா!

அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து டனீடன் நகரில், புல் 10 அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது. 2018-இல் ஒரு வீட்டுக்காரருக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வீதம் அபராதம் ஏறி ஏறத்தாழ 30,000 டாலராயிற்று. வீட்டையே பறிக்கவும் நகர மன்றம் முனைந்தது. அது கொடுமைதான். அப்படியொரு கொடுமை இங்கே வரவேண்டாம். ஆனால் அங்கே சட்டம் சொத்துக்காரரின் வாசலைத் தட்டியது என்பதை மட்டும் நம் கழகத்தார் கவனிக்கட்டும்.

நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்தால் பட்டாவில் உள்ள பெயர் தெரிந்துவிடும். அந்தப் பெயருக்கு நோட்டீஸ் போகட்டும். வெட்டாவிட்டால் கழகமே ஆள் வைத்து வெட்டி, செலவை அவரிடம் வசூலிக்கட்டும். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது; மனம்தான் இல்லை.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மலாயில் வரும் நோட்டீஸை லயத்து மக்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். எந்த லாட், எந்தக் கெடு என்று குறித்துக் கொடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள புல் என்றால் நாமே பாராங்கை எடுப்போம். வேலிக்கு அப்பால் உள்ள கம்பெனி நிலம் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளைக் கிளைச் செயலாளரிடம் கொண்டுவாருங்கள். கெடு முடிவதற்குள் மறுப்புக் கடிதம் போய்ச் சேரவேண்டும்.