ரோசத்தில கட்டாதேங்கோ

போக்கரில் பலவீனமான காட்ஸோட 'கோல்' பண்ணுறதைத் துணிச்சல் எண்டு நினைக்கிறம். என்னைக் கேட்டால் அது கணக்கு.

மேசையில் 100 கிடக்கு. எதிராளி 50 போடுறார். நீங்கள் 50 கட்டினால் மொத்தம் 200. நாலு தடவையில் ஒருதடவை வென்றாலே நட்டமில்லை. ஆகவே கேள்வி 'என்ர காட்ஸ் நல்லதா?' இல்லை, 'இந்தாள் நாலில் ஒருக்காவாவது பொய் சொல்லுவாரா?' என்பதுதான்.

2003 உலகத் தொடர் இறுதியில், மேசையில் மூன்று ஸ்கோப்பன் விழுந்திருக்க, மணிமேக்கர் எல்லாத்தையும் தள்ளினார். கையில் ஒரு சோடிகூட இல்லை. ஒன்பது சோடி வைத்திருந்த ஃபர்ஹா பயந்து விட்டுக்கொடுத்தார், பட்டமும் போனது.

கணக்குச் சரியெண்டால், தோற்றாலும் கட்டினது சரி. 'என்னையே ஏமாத்துறானா?' எண்ட ரோசத்தில கட்டினால், வென்றாலும் பிழைதான்.