உணவுக்கு அஞ்சும் உள்ளம்

பசியைப் ‘பிணி’ என்று அழைத்த மொழி தமிழ். உணவு கிட்டாமையால் வருவது அப்பிணி. சோறிடுதலே அதற்கு மருந்து. ஆனால், நிறைந்த தட்டு முன்னே இருந்தும் உண்ண இயலாமல் ஒருவர் மெலிவதைக் குறிக்க மக்கள் வழக்கில் தனிச்சொல் இல்லை. ஆகவே, அவர் ‘பிடிவாதக்காரர்’ என்றோ ‘அழகுக்காகப் பட்டினி கிடப்பவர்’ என்றோ பெயர் பெறுகிறார். பெயர் தவறும்போது உதவியும் வழி தவறுகிறது. மருத்துவத்துறை இதனை ‘உண்ணல் கோளாறு’ என்னும் நோயாகவே கருதுகிறது.

1873ஆம் ஆண்டில் வில்லியம் கல் என்னும் இலண்டன் மருத்துவர் இதன் ஒரு வகைக்கு ‘அனொரெக்சியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். நரம்பு சார்ந்த பசியின்மை என்பது அதன் பொருள். அப்பெயரும் முழுப் பொருத்தமுடையதன்று. நோயுற்றவருக்குப் பசி உண்டு; உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சம் அதனை மறித்து நிற்கிறது. கட்டுப்பாடின்றி உண்டு, பின்பு அதனை ஈடுகட்டத் தம்மையே வருத்திக்கொள்ளும் ‘புலிமியா நெர்வோசா’வை 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் விளக்கினார். அதில் உடல் மெலியாமலும் இருக்கலாம். எனவே, தோற்றத்தைக் கொண்டு இந்நோயை அளத்தல் பிழை. இது பெண்களுக்கு மட்டுமே உரியதும் அன்று.

“மனம் வைத்தால் உண்ணலாமே” என்பது பலரும் கூறும் அறிவுரை. அதன் குறையை உணர்த்தும் ஆய்வொன்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944இன் இறுதியில் தொடங்கியது. போரினால் பட்டினியுற்ற மக்களை மீட்கும் முறையை அறிய விரும்பினார் ஆன்செல் கீஸ். உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து, ஆறு மாதம் குறைந்த உணவுடன் வாழ்ந்தனர். விரைவில் அவர்களுடைய எண்ணமெல்லாம் உணவாயிற்று. சமையல் நூல்களைச் சேர்த்தவர் உண்டு. சிறிதளவு உணவை நெடுநேரம் அளைந்துகொண்டிருந்தவர் உண்டு. நட்பை விலக்கினர், சினமும் சோர்வும் மிகுந்தன. உணவு மீண்டும் கிடைத்த பின்னரும் பழைய நிலை உடனே திரும்பவில்லை. பட்டினி, மனத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வாறு மாறிய மனத்தை நோக்கி, “நீயே உறுதிகொண்டு மீள்க” என்பது, கால் முறிந்தவரை மருத்துவமனைக்கு நடந்து வரச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே, உதவி தேடும் முதற்பொறுப்பு உடனிருப்போருடையது. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சையும் இதனையே அடிப்படையாகக் கொண்டது. அங்குப் பெற்றோர் குற்றவாளிகளாக நடத்தப்படுவதில்லை. பிள்ளையின் உணவுப் பொறுப்பைச் சிலகாலம் ஏற்கும் துணைவர்களாகிறார்கள்.

வீட்டாருக்கு முன்பே உடன் பயிலும் தோழமைக்கு இது புலப்படக்கூடும். மதிய உணவு வேளையில் நாள்தோறும் ஒரு காரணம் கூறி விலகுதல், அடிக்கடி மயங்குதல், தன் உடலை இடைவிடாது இகழ்தல் ஆகியன கவனிக்கத்தக்கவை. அப்போது, “மெலிந்து அழகாகிவிட்டாய்” என்னும் பாராட்டும் தீங்கு செய்யும். “சில நாளாகச் சோர்ந்திருக்கிறாயே” என்னும் கனிவான வினா போதுமானது. “யாரிடமும் சொல்லாதே” என்று தோழி வேண்டினாலும், நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுதல் நட்புக்கு இரண்டகம் ஆகாது. இந்நோய் இதயத்துடிப்பையே பாதித்து உயிரைப் பறிக்கவும் கூடும். இங்கு மறைத்தலே கொடிது.

முதலில் பொதுமருத்துவர் ஒருவர் நாடித்துடிப்பையும் குருதியின் உப்பளவையும் ஆராய்தல் வேண்டும். பின்பு மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் இணைந்து சிகிச்சை அளிப்பர். மனநல மருத்துவம் பெறுதல் ஒருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எங்குச் செல்வது என்று அறியாதவர், டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நோயின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டியதில்லை. “என் தோழி சில வாரமாகச் சரியாக உண்பதில்லை” என்று சொன்னாலே உரையாடல் தொடங்கிவிடும்.