மயானத்தில் ஒலித்த பதிவுக் குரல்

அரிச்சந்திர மயான காண்டத்தை ஊரூராகக் கொண்டுசெல்லும் புதிய தயாரிப்பொன்றை அண்மையிற் கோயில் வீதியொன்றிற் கண்டேன். அருகிலிருந்த பெரியோர் அதனைக் குறைகூறினர். ஆயினும் அவர்கள் காட்டிய நியாயங்கள் எனக்கு உடன்பாடானவையல்ல. வண்ண ஒளி மரபுக்கு மாறானது என்றனர். ஒன்றரை மணித்தியாலத்துள் முடித்துவிட்டனர் என்றனர்.

எது மரபு? ஆர்மோனியம் ஐரோப்பாவிற் பிறந்தது. காட்சித் திரைகள் பார்சி நாடகக் கம்பனிகளின் வழிவந்தவை. இசை நாடகமே தென்னிந்தியக் குழுக்களோடு யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியதுதான். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) பெரும்புகழ் பெற்றதும் அரிச்சந்திரன் கதை முழுவதினாலன்று, அதன் மயான காண்டத்தினாலேயே. சுருக்குதல் குற்றமாயின் முதற் குற்றவாளி அவரன்றோ!

குற்றம் வேறிடத்தில் உள்ளது. பாடல்கள் யாவும் முன்னரே பதிவு செய்யப்பட்டிருந்தன. நடிகர்கள் வாயை மட்டுமே அசைத்தனர்.

பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி வருகிறாள். தன் மகனென்றறியாத காவலன் காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அக்கட்டத்து விருத்தத்திற்குத் தாளமில்லை. மிருதங்கம் ஓய்ந்திருக்கும், ஆர்மோனியம் பாடகனின் மூச்சைப் பின்தொடரும். சபை உறைந்திருந்தால் அவன் ஒரு சொல்லை நீட்டுவான். பின்வரிசையிற் பிள்ளை அழுதால் சற்றுப் பொறுப்பான். பதிவுக்கோ எல்லா ஊரும் ஒன்றே. அன்று ஒலிக்கருவி சிறிது நேரம் தடைப்பட்டது. அரிச்சந்திரன் திறந்த வாயோடு நின்றான். மயான காண்டத்திலே சபை சிரித்தது!

வாத்தியக்காரர் கிடைப்பதில்லை, பயணச் செலவு தாங்காது என்கின்றனர் தயாரிப்பாளர். செலவு மெய்தான். ஆனால், கிடைப்பதில்லை என்பது பொய். முப்பது வருடம் இதே நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்த முதியவரொருவர் அன்று எனக்கு முன்வரிசையில், பார்வையாளராக, கைகட்டி அமர்ந்திருந்தார். அவரை அழைப்பாரில்லை, அழைப்பாரில்லாத தொழிலை எந்த இளைஞன் பழகுவான்?

நமது தமிழ்ச் சங்கமும் இவ்வருடக் கலைவிழாவுக்கு இத்தயாரிப்பையே அழைக்க எண்ணியுள்ளதாக அறிகிறேன். அழைப்பதை நான் எதிர்க்கவில்லை. பதிவை நிறுத்தி, வாத்தியக்காரர் இருவரை மேடையிலிருத்திப் பாடச் சம்மதித்தால் மட்டுமே அழைக்க வேண்டும் என்கிறேன். அவர்தம் ஊதியத்திற்காக மண்டப அலங்காரத்தைக் குறைக்கலாம், மலர்மாலைகளையும் குறைக்கலாம். செயற்குழு இதற்கு மறுமொழி கூறட்டும்.