குற்றவாளி யார்?

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்துக் காலட்சேபம் செய்பவர்கள் நாம். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட உண்மையை வருஷந்தோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி வருகிறோம். ஆயினும் அந்தப் பாடத்தை நாமே சரியாகக் கற்றுக்கொண்டது சென்ற ஐப்பசி மழையில், அம்பத்தூர்ச் சாலையோரத்தில்தான் என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். ஒரு வேளை சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

கொரட்டூர்வாசியாகிய நம்மிடம் பழைய மோட்டார் கார் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு ஒன்று, ஒரு நாள் மாலை அணைய மறுத்தது. அதில் தெரிவது பாட்டரியின் படம். ஆகவே குற்றமும் பாட்டரியுடையதே என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். கடைக்காரரும் மறுத்துப் பேசவில்லை. பழையதை எடைக்குக் கொடுத்துப் புதியதை வாங்கி மாட்டினோம். விளக்கும் அணைந்தது. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் நம் தாயாரைப் பூந்தமல்லியில் ஒரு கண் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் போது விளக்கு மறுபடியும் எரிந்தது. "புதுப் பாட்டரி இருக்கையில் நமக்கென்ன பயம்?" என்று அலட்சியமாக ஓட்டினோம். பெருமழை, வண்டிகள் ஊர்ந்தன. முகப்பு விளக்கு, கண்ணாடி துடைக்கும் வைப்பர், காற்றாடி எல்லாம் ஓடின. முதலில் வைப்பர் சோர்ந்தது. பிறகு வெளிச்சம் மங்கியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையருகே எஞ்சின் அடியோடு நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் அலறின. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த தாயார், "ஏண்டா, முன்னாடியே இது உனக்குத் தெரியலையா?" என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

நல்ல வேளையாக, பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓர் இளைஞர் மீட்டருடன் வந்தார். தாம் கொண்டுவந்த வேறொரு பாட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அளந்து பார்த்தார். முள் 12 வோல்ட்டைத் தாண்டவில்லை. மெல்ல மெல்ல இறங்கவும் செய்தது.

"ஸார், பாட்டரி மேல தப்பே இல்லை. அதுக்குச் சோறு போடுறவன்தான் வேலையை நிறுத்திட்டான்" என்றார்.

சோறு போடுகிறவன் ஆல்டர்னேட்டர். மெக்கானிக்குகள் பலர் இன்றும் அதைப் பழைய வழக்கப்படி டைனமோ என்றே சொல்லுவார்கள். பாட்டரியின் முக்கிய வேலை எஞ்சினைக் கிளப்பிவிடுவது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டரே வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கி, பாட்டரி இழந்ததையும் திருப்பி நிரப்புகிறது. சிவப்பு விளக்கு, "பாட்டரி கெட்டது" என்று சொல்வதில்லை; "பாட்டரிக்கு வரவு நின்றது, செலவு மட்டும் நடக்கிறது" என்று சொல்கிறது. குடும்பஸ்தர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அந்த இளைஞர் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுழலும் இரும்பு, மின்சாரம் பாய்ந்தால்தான் காந்தமாகும். அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை இரண்டு கரித் துண்டுகள். கார்பன் பிரஷ் என்பார்கள். தேய்ந்து தேய்ந்து அவை நகக்கண் அளவாகியிருந்தன. குலுக்கலில் ஒரு சமயம் தொட்டன, ஒரு சமயம் தொடவில்லை. முதல் நாள் விளக்கு அணைந்த மர்மமும் இதுதான். காந்தம் இல்லையேல் மின்சாரம் இல்லை: நம் கரும்பலகைப் பாடமேதான்! புது பிரஷ்ஷின் விலை சில நூறு ரூபாய். விசாரியாமல் கோவலனைத் தண்டித்த பாண்டியனைப் போல, குற்றமற்ற பாட்டரியை எடைக்குப் போட்டவர்கள் நாம்.

வெட்கம் இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது பாடி. மோட்டார் வண்டிகளின் மின்சாரக் கருவிகளை இந்நாட்டிலேயே செய்வதற்காக 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் பிறக்கும் ஊருக்குப் பக்கத்திலே குடியிருந்துகொண்டு, அது செய்யும் வேலை இன்னதென்று அறியாதிருந்தோம். சுதேசிப் பொருளை வாங்குவது மட்டும் போதாது. அதை அறிந்துகொள்வதும் சுதேசியம் அல்லவா?

இனி நேயர்களுக்கு நாம் பட்டறிந்த சில வார்த்தைகள். விளக்கு எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அது அறுந்திருந்தால் வண்டியை நகர்த்த வேண்டாம். பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அடுத்து, பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பூஞ்சையையும், தளர்ந்த கவ்விகளையும் கவனியுங்கள். பிறகு அளக்கச் சொல்லுங்கள். நல்ல பாட்டரி ஓய்வாக இருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் குறை வேறிடத்தில். எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்து வித்தை. இக்காலத்து வண்டியில் அது நுண்கருவிகளை எரித்துவிடும். பெல்ட் சரியாக இருந்து வழியில் விளக்கு எரிந்தால், ஏ.ஸி.யை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், அடுத்த ஒர்க்‌ஷாப்பை நாடுங்கள்.

மறு நாள் வகுப்பில் பாரடேயின் பாடம் நடந்தது. இம்முறை நாம் படம் போடவில்லை. தேய்ந்த அந்த இரண்டு கரித் துண்டுகளை மேஜைமேல் வைத்தோம். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.