டெக் சந்தேகம்: போன் மட்டும் இருந்தாலும் புரோலாக் படிக்கலாம்!

‘நான் கல்லூரி விரிவுரையாளர். இந்த செமஸ்டரில் பி.எஸ்சி. மாணவர்களுக்கு புரோலாக் நடத்த வேண்டும். லேப் கையேட்டில் டர்போ புரோலாக் என்று இருக்கிறது. பல பிள்ளைகளிடம் போன் மட்டும்தான். எந்த சாஃப்ட்வேர் நல்லது?’ என்று கேட்டிருக்கிறார் வாசகி ஒருவர்.

மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். புரோலாக், 1972-ல் பிரான்ஸின் மார்செய் நகரில் பிறந்த கம்ப்யூட்டர் மொழி. ‘முருகன் குமாரின் அப்பா, குமார் கயலின் அப்பா’ என்ற தகவலையும், ‘அப்பாவின் அப்பா தாத்தா’ என்ற விதியையும் கொடுத்தால் போதும். கயலின் தாத்தா யார் என்றாலும் சொல்லும். முருகனின் பேத்தி யார் என்று திருப்பிக் கேட்டாலும் சொல்லும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். டர்போ புரோலாக் வேண்டாம். 1986-ல் டாஸ் கம்ப்யூட்டர்களுக்காக வந்தது அது. இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. எழுதும் முறையும் வேறு. ‘டொமைன்ஸ்’, ‘பிரெடிகேட்ஸ்’ என்று தனிப் பகுதிகள் கேட்கும். 1995-ன் ஐ.எஸ்.ஓ. தரத்தில் அவை கிடையாது. கையேட்டில் உள்ளதை அப்படியே டைப் செய்தால் எர்ரர்தான் வரும். பிள்ளைகளோ, ‘நமக்கு மண்டையில் ஏறவில்லை’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே பயிற்சிகளை முதலில் திருத்திக் கொடுங்கள்.

என் பரிந்துரை, எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதன் ‘ஸ்விஷ்’ இணையப் பக்கத்தை போன் பிரவுசரிலேயே திறந்து புரோகிராம் எழுதலாம்; எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆனால் நெட் வேண்டும். ஃபைல்களைக் கையாளும் பயிற்சிகளை மட்டும் லேபுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

குனு புரோலாக்கும் இலவசம்தான். புரோகிராமைத் தனியாக இயங்கும் ஃபைலாக மாற்றித் தரும். சிக்ஸ்டஸ் தரமானது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆரம்பப் பாடத்துக்கு அது தேவையில்லை.

எதை எடுத்தாலும், ‘டிரேஸ்’ வசதியை முதல் வாரமே காட்டிவிடுங்கள். விடை எந்த வழியாக வந்தது, எங்கே முட்டித் திரும்பியது என்று படிப்படியாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பாடம் எடுப்பதும் சுலபமாகும். வாழ்த்துகள் மேடம்!